கை நனைத்த இடம்

மே 12, ஞாயிறு

ஹாங்காங் வந்து சேர்ந்தோம். விமானத்தில் பக்கத்து வரிசைக்காரர் வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, அதே காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை. உப்புமா என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன், திரும்ப மூடிவிட்டேன்.

"ஆரம்பிச்சிட்டியளா அண்ணாச்சி," என்றாள் என் தங்கை கோமதி. அவள் புருஷன் சங்கரலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். திருநெல்வேலியில் சுகாதார ஆய்வாளராக முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கியவன் நான். கண் பார்க்கிறதைப் பார்க்கத்தான் செய்யும்.

ஓட்டல் அறை ஒரு பீரோவுக்குள் இன்னொரு பீரோவை வைத்த மாதிரி இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் கழிப்பறைக் கதவில் இடிக்கிறது. ஜன்னலுக்கு நேரே எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் வரிசையாகச் சொட்டுகின்றன. தெருவில் நடக்கிறவன் தலையில் எந்த மாடிக்காரன் வீட்டுத் தண்ணீர் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. காலண்டரில் எல்லாம் இந்த ஊரைத் தண்ணீருக்கு அப்பால் நின்றுகொண்டுதான் படம் எடுத்திருக்கிறார்கள். காரணம் இப்போது தெரிகிறது.

சாயங்காலம் ஓட்டலுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய பூங்காவுக்கு நடந்தோம். அங்கே பார்த்ததை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. நடைபாதை, புல்வெளி, படிக்கட்டு, ஒரு இடம் பாக்கி இல்லாமல் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துப்போட்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடுகிறார்கள், தலை பின்னுகிறார்கள், படுத்துத் தூங்குகிறார்கள். மீன் வாடையும் பூண்டு வாடையும் மூக்கைத் துளைக்கின்றன. பின்னால் வானத்தைத் தொடும் கட்டடங்கள், முன்னால் சந்தைக்கடை. நான் சர்வீஸில் இருந்தால் ஒரு தண்ணீர் லாரியை வரச்சொல்லிக் காலி பண்ணியிருப்பேன்.

எல்லோரும் இந்தோனேசியாவிலிருந்து வந்த வீட்டு வேலைக்காரிகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு, போக இடமில்லாமல் இங்கே வருகிறார்கள் என்றார் சங்கரலிங்கம். வேலை பார்க்கிற வீடு இருக்கிறதே, அங்கேயே இருக்க வேண்டியதுதானே என்றேன்.

வந்த காரியத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். கோமதியின் மகள் வடிவுக்கு இந்த ஊரில் ஒரு வரன். பூர்வீகம் அம்பாசமுத்திரம், நம்ம ஆட்கள். பையன் சிதம்பரநாதன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனும் வடிவும் இரண்டு மாதமாகப் போனில் பேசிப் பிடித்துப்போயிற்று. நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை வீடு பார்க்கிறது. பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை அங்கே மத்தியானச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படக்கூடாது. எங்கள் குடும்பத்தில் இது மாறாத வழக்கம்.

வடிவு சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புறப்படுகிற அன்று வழியனுப்ப வந்தவள் விமான நிலையத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "மாமா கை நனைச்சா எனக்குச் சம்மதம்."

கோமதிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் என்னால்தான் தட்டிப்போயின என்பது அவள் கட்சி. ஒரு பையனுடைய அப்பா காதைக் குடைந்த விரலாலேயே லட்டு எடுத்துக் கொடுத்தார். அதைச் சொன்னது தப்பா?

மே 13, திங்கள்

ஊர் சுற்றிப் பார்த்தோம். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகளைக் கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்த தெரு முழுக்கக் கருவாட்டுக் கடை. சங்கு, நத்தை, என்னவென்றே தெரியாத உலர்ந்த உறுப்புகள் எல்லாம் சாக்குச் சாக்காகத் திறந்து கிடக்கின்றன. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கோமதி பத்தடி பின்னால், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி வந்தாள்.

மலை உச்சிக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும் என்று டிராமில் ஏற்றினார்கள். உச்சியில் ஒரே மூடுபனி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தது.

இரவு துறைமுகத்தில் கட்டடங்கள் மேல் விளக்கு வேடிக்கை. சங்கரலிங்கம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். மேலே தெரிந்த நிறங்களெல்லாம் கீழே எண்ணெய்ப் படலத்திலும் பிளாஸ்டிக் உறைகளிலும் ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் பாராட்டலாம். லிப்ட் பொத்தான்கள் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, இன்ன நேரத்துக்கு ஒரு தடவை கிருமிநாசினி போடுகிறோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் நான் சாவி முனையால்தான் அழுத்தினேன்.

சாப்பாடு கோமதி கட்டிக்கொண்டு வந்த புளியோதரை.

மே 14, செவ்வாய்

இன்று மனசு நிறைந்தது. உள்ளபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீடு ஒரு உயரமான கட்டடத்தில், காது அடைக்கிற உயரத்தில் இருக்கிறது. கதவு திறந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது தரை. அப்படி ஒரு தரையை நான் ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறையில்கூடப் பார்த்ததில்லை. பையனுடைய அம்மா சௌந்தரம் நல்ல களையான மனுஷி, நெற்றி நிறைய விபூதி. அப்பா அதிகம் பேசாதவர். பையன் காலில் விழுந்து கும்பிட்டான். நகம் சுத்தமாக வெட்டியிருந்தது.

கூடத்து ஜன்னல் முழுக்க ஊர் தெரிகிறது. கப்பல், கடல், அடுக்கடுக்காகக் கட்டடங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த வாடையும் இல்லை. நேற்று நான் பொத்திக்கொண்டு நடந்த தெரு எங்கேயோ கீழே ஒரு கோடாகக் கிடந்தது. அழகான ஊர்தான் என்று சொல்லிவிட்டேன். கோமதி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

சௌந்தரம் அம்மாள் அறை அறையாகக் காட்டினாள். பூஜை அறை. பையனுடைய உடற்பயிற்சி சாமான்களுக்கு ஒரு அறை. அதற்கு அடுத்தாற்போல் எனக்கு மிகவும் பிடித்த அறை. அதில் பட்டுப்புடவைகள், கைப்பைகள், செருப்புகள் மட்டும் இருக்கின்றன. ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு மெஷின் ராப்பகலாக ஓடுகிறது. மே மாசம் வந்தால் இந்த ஊரில் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடித்துவிடுமாம். ஒரு புடவையைத் தூக்கிக் காட்டினாள். முப்பது வருஷத்துப் பட்டு, மடிப்பில்கூட ஒரு புள்ளி இல்லை. இப்படியல்லவா இருக்கவேண்டும் வீடு என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சமையலறையில் எவர்சில்வர் எல்லாம் முகம் பார்க்கலாம். அடுப்புக்குப் பின்னால் விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். பிசுக்கு இல்லை. ஒரு வேலைக்காரி மூலையில் நின்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, குள்ளமான பெண். "மீனா, தண்ணி," என்று பையன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். கொண்டு வந்து வைத்தாள். டம்ளரின் விளிம்பில் அவள் விரல் படவில்லை. அதைக் கவனித்தேன்.

தண்ணீர் மட்டும் குடித்தோம். வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறோம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். திரும்பி வரும்போது கோமதி டாக்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் ஆற்றில் குளிக்கப் போகும்போது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

மே 15, புதன்

மழை. புளியோதரை ஊசிப்போய் நூல் விட்டுவிட்டது, கொட்டினேன்.

மே 16, வியாழன்

வடிவு போன் பண்ணினாள். எப்படி மாமா வீடு என்றாள். ஒரு குறையும் சொல்ல வழியில்லை தாயே, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு வெகுநேரம் காதில் இருந்தது. அவன் நல்ல மாதிரி மாமா என்றாள். தினமும் எல்லாக் கதையும் சொல்வானாம். ஆபீஸ் கதை, லிப்டில் வருகிற கிழவர் கதை, அடுத்த வீட்டுப் பூனை பால்கனி தாண்டி வருகிற கதை.

நாளைக்குக் கை நனைத்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றேன். கோமதி வெள்ளிக்கிழமைக்குக் கட்ட வைத்திருக்கும் மாம்பழ நிறப் பட்டை எடுத்து மெத்தைமேல் விரித்துப் பார்த்தாள். அதில் ஒரு மூலையில் பூஞ்சை. நாலு நாளில்! பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நானே துடைத்துக் கொடுத்தேன்.

மே 17, வெள்ளி

போனோம். எல்லாம் தயாராக இருந்தது. பதினாறு வகை என்று சௌந்தரம் அம்மாள் சொன்னாள். இலைக்கு எங்கே போனார்களோ, வாழை இலையே போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதி வாசனை லிப்ட் வரைக்கும் வந்தது. ஐந்து நாளாகப் புளியோதரையும் பிஸ்கட்டும் தின்ற வயிறு. நான் பசியோடுதான் போனேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தச் சமையலறைக்கும் பின்பக்கம் பார்க்காமல் நான் சர்டிபிகேட் கொடுத்ததில்லை. முன்பக்கம் ஜனங்களுக்கு, பின்பக்கம்தான் எங்களுக்கு. செவ்வாய்க்கிழமை பார்க்காமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. சந்தேகம் என்று இல்லை. பழக்கம். இலை போடுவதற்குள் பார்த்துவிடலாம் என்று எழுந்து போனேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான கதவு. கைப்பிடியைத் திருப்பினேன். திறந்துகொண்டது.

ஒரு கழிப்பறை. கக்கூஸ் பீங்கானுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற மெஷின். பீங்கான் மூடிமேல் மீனா உட்கார்ந்திருந்தாள். முக்காடு இல்லை. மடியில் ஒரு தட்டு, தட்டில் சோறு, வாயில் ஒரு கவளம். என்னைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவள் எழுந்ததும் தலை இடிக்காமல் குனிந்ததால்தான் நான் மேலே பார்த்தேன். மெஷினுக்கும் பீங்கானுக்கும் மேலாக, சுவரோடு சுவராக ஒரு பலகை. அதில் மெல்லிசாக ஒரு மெத்தை, ஒரு தலையணை, சுருட்டிய ஒரு வெள்ளைத் துணி. நான் நீட்டிப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கும். பலகைக்கும் கூரைக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார முடியாது. மெஷினின் சூடும் ஈரமும் நேரே அதன் அடியில்தான் வந்து முட்டும். சுவரில் ஒரு பையனுடைய படம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடச் சட்டை. படத்தைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. படத்தை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது தெரிந்தது.

எத்தனையோ பின்கட்டுகள் பார்த்திருக்கிறேன். மாவுத் தொட்டிக்குள் செத்த எலி பார்த்திருக்கிறேன். இன்று வந்த குமட்டல் அப்போது வந்ததில்லை.

சௌந்தரம் அம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். கொஞ்சமும் கூசவில்லை. "இங்கெல்லாம் இடத்துக்குத்தான் பஞ்சம் அண்ணாச்சி. ஏழு வருஷமா நம்ம கூடத்தான் இருக்கா. அவளுக்குன்னு தனி பாத்ரூமே குடுத்திருக்கோம், பாத்தியளா?" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "மீனா, சீக்கிரம். எல போடு," என்றாள்.

மீனா என் பக்கத்தில் ஒடுங்கி வெளியே போனாள். நான் கூடத்துக்கு நடந்து வந்தேன். வழியில் அந்தப் பட்டுப்புடவை அறை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பைகளுக்கு இதமாக இருந்திருக்கும்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள்தான் பரிமாறினாள். உப்பு, ஊறுகாய், பச்சடி. கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழப் பட்டு, தலையில் பூ. பையன் என் பக்கத்தில் பவ்யமாக உட்கார்ந்திருந்தான். எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரும் சாப்பிடாமல் இருக்கவேண்டாம், நான் மோர்கூடக் குடிக்க முடியாத நிலைமையில் இருக்கிறேன், நீங்கள் நடத்துங்கள் என்றேன். சங்கரலிங்கம் நிலைமையைச் சமாளித்தார். "எங்க அத்தானுக்கு சொர்க்கத்துக்குப் போனாலும் வயிறு ஒத்துக்கிடாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சௌந்தரம் அம்மாள் ஓமத் தண்ணீர் வைக்கச் சொல்லி மீனாவை விரட்டினாள்.

கோமதி கை நனைத்தாள். சங்கரலிங்கம் கை நனைத்தார். பாயசம் வந்தது.

திங்கட்கிழமை புறப்படுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒருநடை வந்துவிட்டுப் போகட்டுமா என்று கோமதி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மீனாவுக்கு லீவு, பூங்காவில் போய் அட்டை விரித்து உட்கார்ந்துவிடுவாள், வீடு போட்டது போட்டபடி கிடக்கும் என்றாள் சௌந்தரம் அம்மாள். முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டப்பா கொடுத்துவிட்டாள்.

ஓட்டலுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சொன்னேன். பலகையைச் சொன்னேன், தட்டைச் சொன்னேன், பூஞ்சையைச் சொன்னேன். கோமதி பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒங்களுக்குக் கோயில் கொளத்துலயும் குத்தம், குங்குமத்துலயும் குத்தம். வேலக்காரி மேல படுக்காளா கீழ படுக்காளான்னு பாக்கவா அண்ணாச்சி நாம கடல் தாண்டி வந்தோம்? எம் மகளுக்கு இருபத்தொம்பது முடியப்போவுது."

இது வேறே, கோமதி என்றேன்.

"ஒவ்வொரு தடவயும் வேறதான் சொல்லுதிய."

எத்தனை தடவை கத்தியிருப்பேன்! லட்டுக்கும் கத்தினேன், டம்ளருக்கும் கத்தினேன், விமானத்தில் ஒருவர் காலுக்கும் கத்தினேன். இன்றைக்குக் கத்த வேண்டிய இடத்தில் அதே குரல்தான் வருகிறது. யாருக்கு வித்தியாசம் தெரியும்?

மே 18, சனி

கோமதி பேசவில்லை. சங்கரலிங்கம் சமாதானம் பண்ண வந்தார். பையன் நல்லவன், கல்யாணம் ஆனால் தனி வீடு எடுத்துக்கொள்வார்கள், வடிவு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவாள் என்றார். அந்த வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கும், அதற்கு மேல் ஒரு பலகை இருக்கும் என்றேன். எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் வடிவு போன். எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது.

"கை நனைச்சியளா மாமா?"

இல்லை என்றேன். அம்மா? நனைத்தாள். அப்பா? நனைத்தார். பிறகு, என்ன பார்த்தியள் என்றாள். சொன்னேன். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன். பலகையின் நீளம், அகலம், பூஞ்சை, மெஷின், அந்த இந்தோனேசியாப் பெண், ஒன்றுவிடாமல்.

"அப்படி ஒருத்தங்க அந்த வீட்டுல இருக்காவன்னே அவரு எங்கிட்டச் சொன்னதில்ல மாமா. பூனையப் பத்திச் சொன்னாரு," என்றாள்.

அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, கேட்டாள்: "அவங்க பேரு என்ன?"

மீனா.

"இந்தோனேசியாக்காரங்களுக்கு மீனான்னா பேரு வப்பாவ?"

எனக்குச் சுரீரென்றது. மீனா என்று எப்படிப் பேர் வந்தது என்று நேற்று கோமதி கேட்டதற்குச் சௌந்தரம் அம்மாள் சொன்னது இப்போதுதான் உறைத்தது. முன்னால் இருந்தவளும் மீனாதானாம், அதற்கு முன்னால் இருந்தவளும். வாய்க்குப் பழகிவிட்டதாம். கேட்டுக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

"பலக எத்தன அடின்னு பாத்திய. பேரக் கேக்கலியா மாமா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் இன்னைக்கு அவருகிட்டப் பேசுதேன்," என்று வைத்துவிட்டாள்.

மே 19, ஞாயிறு

பூங்காவுக்குக் காலையிலேயே போய்விட்டேன். போன வாரம் பார்த்த அதே கூட்டம், அதே வாடை. அட்டைகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி வழி விட்டிருந்தார்கள். எல்லா முகமும் முக்காட்டுக்குள் ஒரே மாதிரி தெரிந்தது. வயசான ஆண் ஒருவன் பெண்கள் முகத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நடந்தால் என்ன நினைப்பார்கள்? முறைத்தார்கள். வியர்த்துக் கொட்டியது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன்.

அவள்தான் என்னைப் பார்த்தாள். ஒரு மரத்தடியில் வேறு மூன்று பெண்களோடு இருந்தாள். பச்சை முக்காடு, உதட்டில் சாயம். அந்த வீட்டில் பார்த்த பெண்தானா என்று சந்தேகமாக இருந்தது. எழுந்து நிற்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவள் தமிழில் பேசினாள். ஏழு வருஷத்தில் காதில் விழுந்த தமிழ், எல்லாம் ஏவல். "உட்காரு," என்றாள். செருப்பைக் கழற்றப்போனபோது கவனித்தேன். அட்டையின் ஓரத்தில் நாலு ஜோடிச் செருப்புகள், நூல் பிடித்த மாதிரி வரிசை. அட்டைமேல் ஒரு தூசி இல்லை. என் செருப்பையும் அந்த வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பெண் தன் பையைத் தூக்கி என் முதுகுக்கு அண்டை கொடுத்தாள்.

பெயர் என்ன என்று கேட்டேன். "மீனா," என்றாள்.

இல்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயர், உங்கள் அம்மா வைத்த பெயர் என்றேன். மற்ற மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"சுலஸ்த்ரி."

திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அவள் மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சரி என்று தலையாட்டினாள்.

"பொண்ணு வரும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நீங்கள் இருக்கிற அறையைப் பார்த்தேன், எனக்குக் கஷ்டமாகப் போயிற்று, அதனால்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றேன். இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணித்தான் வந்திருந்தேன். அவள் முகத்தில் ஆறுதல் ஒன்றும் தெரியவில்லை.

"நீ கதவு தட்டல," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

எத்தனை பின்கதவுகளைத் திறந்திருப்பேன்! தட்டிவிட்டுத் திறக்கிறவன் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டான் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தலையில் முக்காடு இல்லாமல், வாயில் சோற்றோடு. அந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே கதவை, மூன்றாம் மனுஷன், வீடு பார்க்க வந்தவன், திறந்துவிட்டேன். திறந்துவிட்டு எனக்குக் குமட்டியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் முழுக்க எவ்வளவோ பார்த்து அருவருத்தாயிற்று. கடைசியில் என் கைதான் பாக்கி இருந்தது.

தப்புதான் அம்மா என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. கையைக் கூப்பினேன். அது புரிந்தது.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடு."

உள்ளே துண்டு துண்டாகப் பொரித்த ஏதோ ஒன்று. கறியா என்றேன், கறி கிடையாது, பயறு என்று காட்டினாள். போனில் படமும் காட்டினாள். சோயாப் பயற்றை அவித்து, அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை வளரவிட்டு, அந்தப் பூஞ்சையாலேயே பயறெல்லாம் ஒட்டிக் கட்டியானதும் வெட்டிப் பொரிக்கிறார்கள். பூஞ்சை! தெரிந்தே வளர்த்த பூஞ்சை! சர்வீஸில் இப்படி ஒன்று கண்ணில் பட்டிருந்தால் பினாயில் ஊற்றிக் குழியில் புதைத்திருப்பேன். பூண்டு நாற்றம் வேறு. நாலு பெண்களும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்துச் சாப்பிட்டேன். முதல் துண்டு தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. வறுத்த மொச்சை ருசி, நல்ல காரம். இந்த ஊருக்கு வந்து நான் வெளியில் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். முடித்ததும் கை கழுவ இடம் தேடினேன். அவள் தன் பாட்டிலைத் திறந்து, புல் ஓரமாக என் கையைப் பிடிக்கச் சொல்லி, தண்ணீரை ஊற்றினாள். விரல் விரலாக நனைத்தேன்.

ஓட்டலுக்கு வந்து வடிவுக்குச் செய்தி அனுப்பினேன். பெயர் சுலஸ்த்ரி. கதவைத் தட்டாமல் திறந்தது நான். கை நனைத்தேன், பூங்காவில்.

கொஞ்சநேரத்தில் பதில் வந்தது. நேற்று சிதம்பரநாதனிடம் அதே கேள்வியைக் கேட்டாளாம், அவங்க பேரு என்ன என்று. அவனும் மீனா என்றானாம். நிஜப் பெயர் என்றதற்குச் சிரித்துவிட்டு, அம்மாவிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்றானாம். இன்றுவரை சொல்லவில்லை.

"எனக்கு வேண்டாம் மாமா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்," என்று முடித்திருந்தாள்.

பக்கத்து அறையில் கோமதியின் போன் அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மே 20, திங்கள்

விமானத்தில் எழுதுகிறேன். கோமதி இடையில், அந்தப் பக்கம் சங்கரலிங்கம். ஓட்டலிலிருந்து இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. விமான நிலையத்தில் எல்லாப் பைகளையும் சங்கரலிங்கம் கையில் கொடுத்துவிட்டு, முந்திரிக்கொத்து டப்பாவை மட்டும் தானே வைத்துக்கொண்டாள். இப்போதும் அது அவள் மடியில் இருக்கிறது. திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மேலே ஏறும்போது மேகம் விலகி ஊர் முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். எனக்கு எல்லாக் கட்டடத்திலும் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

கோமதி டப்பாவைப் பார்த்தபடியே கேட்டாள், "அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொன்னிய?"

சொன்னேன். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தப்பாக வந்தது. திருத்தினேன்.

"ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சேன் அண்ணாச்சி. அவதான் ஊத்துனா. நான் அவ மொகத்தப் பாக்கவே இல்ல."

தட்டு வந்தது. அதே உப்புமா, அதே ஈர வாடை. மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. கோமதி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாள். நானும் எடுத்தேன். விளங்காத உப்புமா. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.